கஞ்சாவுக்குள் இருக்கும் புகையிலை: குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கோவளத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு தாய் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், என் பையன் சிகரெட்டு மட்டும்தான் பிடிக்கிறேன், வேற ஒண்ணும் இல்லைன்னு சத்தியம் பண்றான். ஆனா அவன் ரூமைக் கூட்டும்போதெல்லாம் சிகரெட்டுத் தூள் கொட்டிக் கிடக்குது. பிடிக்கிறவன் எதுக்குத் தூளைக் கொட்டணும்?” என்று கேட்டார்.

சிகரெட்டிலுள்ள புகையிலையில் பாதியை உதிர்த்துவிட்டு, மீதியோடு கஞ்சாவைக் கசக்கிக் கலந்து, அதே காகிதக் குழலில் மறுபடி அடைப்பது இளைஞர்களிடையே உள்ள வழக்கம். அதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொன்னோம். அதோடு, “முதலில் கஞ்சாவை விடச் செய்யுங்கள், சிகரெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றும் சொல்லி அனுப்பினோம்.

நாம் சொன்ன அந்த இரண்டாவது வார்த்தை தவறு. பையன் கஞ்சாவை விட்டான். சிகரெட்டை இரு மடங்காக்கினான். இரண்டு மாதத்துக்குள் கஞ்சாவுக்கே திரும்பிவிட்டான். பிறகு அவனை அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் சென்றபோது, அவர் கேட்ட முதல் கேள்வி கஞ்சாவைப் பற்றியதல்ல. “ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?” என்றுதான் கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்று விசாரிக்கப் போய் நாம் கற்றுக்கொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், புகையிலை வெறும் துணைத்தூள் அல்ல. மயக்கம் தரும் எந்த இலையோடு சேர்ந்தாலும் அது உடலில் தனக்கென்று ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலையை அறியாமல் இலையை மட்டும் துரத்தினால் பிள்ளையை மீட்பது கடினம்.

நம் கடற்கரையின் நிலை

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டு, ஒரு பக்கம் ஏரிகளும் வயல்களும் கொண்டது; மறுபக்கம் கோவளம், வடநெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளும் கடற்கரை. மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தமீமுல் அன்சாரி தர்காவுக்கு ஜியாரத் வரும் குடும்பங்களும், அலைச்சறுக்கு பழக வரும் இளைஞர்களும், வார விடுமுறைக்கு வரும் கணினி நிறுவன ஊழியர்களும், வெளிநாட்டுப் பயணிகளும் ஒரே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் பயணிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பழக்கங்களும் அதே சாலையில் வருகின்றன. சாலையில் வராதவை கைப்பேசியில் வருகின்றன. ‘இயற்கை மருந்து’, ‘மூலிகைச் சடங்கு’, ‘மனதைத் திறக்கும் செடி’ என்றெல்லாம் பெயர் சூட்டி அமேசான் காட்டுக் கஷாயம் முதல் மலைக்காளான் வரை எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் அதில் பார்க்கிறார்கள்.

உலக அளவில் பெரியவர்களிடையே நடத்தப்படும் புகையிலைக் கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்று, 2016-17இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகக் காட்டியது. முந்தைய சுற்றில் அது 16.2 ஆக இருந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் பொருட்களை, பாங்கு உட்பட, பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. இரண்டு பட்டியலிலும் இடம்பெறும் இளைஞர்களைப் பற்றியே இக்கட்டுரை அதிகம் பேசுகிறது.

கஞ்சாவும் புகையிலையும்

அமெரிக்காவில் கஞ்சாவைப் பெரும்பாலும் தனியாகப் புகைக்கிறார்கள். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் புகையிலையோடு கலப்பதே வழக்கம். சாமியார்களின் சிலும்பியில் அன்று நடந்ததும் இன்று காகிதத்தில் நடப்பதும் ஒன்றுதான். கலப்பதற்கு இளைஞர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: கஞ்சா சீராக எரியும், செலவு குறையும், ‘கிக்’ ஏறும்.

இவற்றில் முதல் காரணத்துக்குள்ளேயே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. புகையிலையோடு சேர்ந்து எரியும்போது கஞ்சாவிலுள்ள மயக்கப் பொருளான டிஎச்சி வீணாகாமல் அதிகமாக ஆவியாகிறது. 2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வகச் சோதனையில், கிராம் ஒன்றுக்குப் புகையில் கலக்கும் டிஎச்சி 45 விழுக்காடு வரை கூடியது. ‘பாதிதான் கஞ்சா, பாதி சிகரெட்’ என்று பிள்ளை சொல்லும் கணக்கு இதனால் பொய்த்துப்போகிறது.

மூன்றாவது காரணம் உண்மையே அல்ல. லண்டனில் நடந்து 2017இல் வெளியான ஒரு சோதனையில், கஞ்சாவைத் தனியாகவும், புகையிலையைத் தனியாகவும், இரண்டையும் கலந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். கலந்ததால் மயக்க உணர்வு கூடவில்லை. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமுமே கூடின. கஞ்சாவால் வரும் மறதியைப் புகையிலை அந்த நேரத்துக்குச் சற்று ஈடுகட்டியதையும் அவர்கள் கண்டார்கள். இது நன்மை போலத் தெரியும். ஆனால் “எனக்கு ஒன்றும் ஆகவில்லை, தெளிவாகத்தான் இருக்கிறேன்” என்ற பொய்யான தெம்பு இங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தத் தெம்போடுதான் அவன் பைக் சாவியை எடுக்கிறான்.

இதயத்துக்கு ஏற்படும் சுமையை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். டிஎச்சி இதயத் துடிப்பைக் கூட்டும். நிகோடினும் கூட்டும். இரண்டின் புகையிலும் உள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தம் சுமக்கும் பிராணவாயுவைக் குறைக்கும். வேகமாக ஓடச் சொல்லிவிட்டு மூச்சையும் பிடித்துக்கொள்வது போன்ற நிலை அது. கஞ்சாவைப் புகைப்போர் புகையை ஆழமாக இழுத்து நெடுநேரம் உள்ளே அடக்குவதால் தாரும் அதிகமாக நுரையீரலில் படிகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரியது பழக்கத்தின் பிடி. நிகோடின் இழுத்த சில விநாடிகளில் மூளையை அடைகிறது; சிறிது நேரத்தில் வடிந்துவிடுகிறது; மறுபடி வேண்டும் என்கிறது. ஒரு நாளில் பத்து முறை இது நடக்கும். கஞ்சாவை வாரம் ஒருமுறை தொடுகிறவன்கூட அதைப் புகையிலையோடு தொட்டால், அடுத்த நாள் காலையில் அவனை எழுப்புவது நிகோடின்தான். பின்னர் கஞ்சாவை விட்டாலும் கையில் சிகரெட் இருக்கும். அதே நண்பர்கள், அதே டீக்கடை முனை, அதே தீக்குச்சி. ஒவ்வொரு சிகரெட்டும் பழைய கலவையை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். புகையிலையைத் தொடர்கிறவர்களுக்குக் கஞ்சாவை விடுவது கூடுதல் கடினம் என்று சிகிச்சையாளர்கள் சொல்வது இதனால்தான். நம் கோவளத்துப் பையனுக்கு நேர்ந்ததும் இதுவே.

விட்ட பிறகு வரும் கோபம்

போதையை விட்டவன் வீட்டில் எரிந்து விழுந்தால், “மறுபடி ஆரம்பிச்சுட்டான்” என்று அத்தா சந்தேகப்படுகிறார். பெரும்பாலும் விட்டதால்தான் அந்தக் கோபம் வருகிறது. நிகோடினை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் எரிச்சலும் படபடப்பும் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் தணியும், பசி கூடும். கஞ்சாவை நிறுத்தினால் ஓரிரு நாளில் தொடங்கி முதல் வாரத்தில் உச்சம் பெற்று, இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். தூக்கம் கெடும், கனவுகள் மிரட்டும், பசி குறையும். இரண்டையும் சேர்த்து விடுகிறவனுக்கு இவை ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அந்த மூன்று நான்கு வாரம் வீட்டார் பொறுமையாக இருப்பதே பாதி சிகிச்சை.

ஊமத்தை: சென்னையிலிருந்து சென்ற புகை

இலையைப் புகைத்து மருந்தாகப் பயன்படுத்தும் முறைக்கு நம் பகுதியிலேயே பழைய வரலாறு உண்டு. 1802இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்குள்ளவர்கள் ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைப்பதைப் பார்த்து, அதை ஜெனரல் ஜென்ட் என்பவரிடம் தெரிவித்தார். அவர் வழியாக அது பிரிட்டனுக்குப் போனது. பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஊமத்தை இலை அடைத்த ‘ஆஸ்துமா சிகரெட்டுகள்’ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன.

ஊமத்தையிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயை விரிக்கும் என்பது உண்மை. அதே செடியிலுள்ள ஸ்கோபொலமைன் அறிவைக் குழப்பும் என்பதும் உண்மை. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் இந்த ஆஸ்துமாத் தூளைப் போதைக்காக விழுங்கத் தொடங்கியதால், 1968இல் அந்நாடு மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்பதைத் தடுத்தது. இன்று செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மூச்சுத்திணறலோடு வருகிறவருக்கு நெபுலைசரில் வைக்கும் இப்ராட்ரோபியம், அட்ரோபினின் வழியில் வந்த மருந்துதான். மூளைக்குள் புகாதபடி அது திருத்தி அமைக்கப்பட்டிருக்கிறது. ஊமத்தையின் நன்மை மருந்தாகிவிட்டது. தீமைதான் இன்னும் செடியில் இருக்கிறது. ஆகவே “பாட்டி காலத்து வைத்தியம்” என்று இன்று அதைப் புகைக்க எந்தத் தேவையும் இல்லை.

புகையிலையோடு சேர்ந்தால் என்ன ஆகும்? நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேச அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளைப் பயன்படுத்துகின்றன. அது தட்டும் கதவுகள் இரண்டு வகை. ஒரு வகையை நிகோடின் திறக்கும். மறு வகையை ஊமத்தை பூட்டும். ஒரே தூதுவனின் ஒரு கதவைத் திறந்து மறு கதவைப் பூட்டினால் உடல் எந்தச் செய்தியை நம்பும்? இரண்டுமே இதயத் துடிப்பைக் கூட்டுவன. போதாததற்கு, ஊமத்தையில் எந்த இலையில், எந்த விதையில் எவ்வளவு நஞ்சு இருக்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

இதில் நம் சமுதாயம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊமத்தை நஞ்சு ஏறியவனுக்கு வாய் உலரும், தோல் சிவந்து சுடும், கண்மணி விரியும், சிறுநீர் நிற்கும். இல்லாத ஆட்களோடு பேசுவான், காற்றில் எதையோ பிடிப்பான், பெற்றவர்களையே அடையாளம் தெரியாமல் மிரள்வான். பார்க்கிறவர்கள் ‘ஜின் பிடித்துவிட்டது’ என்று முடிவு செய்து, ஓதிப் பார்க்க ஒவ்வோர் இடமாக அழைத்துச் செல்கிறார்கள். ஜின்கள் இருப்பதை நாம் நம்புகிறோம். ஆனால் விரிந்த கண்மணியும் உலர்ந்த வாயும் நஞ்சின் அடையாளங்கள். அந்த நேரத்தில் 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே கடமை. மருத்துவமனைக் கட்டிலருகே நின்றும் ஓதலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

அமேசான் கஷாயமும் ஹர்மல் விதையும்

கைப்பேசியில் பிள்ளைகள் பார்க்கும் ‘மூலிகைச் சடங்கு’ பெரும்பாலும் தென் அமெரிக்காவின் அயவாஸ்கா. அது இரண்டு தாவரங்களின் கஷாயம். ஒன்றின் இலையில் டிஎம்டி என்ற மாயக்காட்சி தரும் பொருள் இருக்கிறது. அதைத் தனியாகக் குடித்தால் குடலிலும் ஈரலிலும் உள்ள மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை அழித்துவிடும். மற்றொன்றான கொடியிலுள்ள ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்த நொதியைத் தடுத்து, டிஎம்டி மூளைக்குப் போக வழி விடுகின்றன.

புகையிலை இந்தச் சடங்கில் பக்கத்துணை அல்ல. அங்குள்ள வைத்தியர்கள் அதைத் தலைமை மூலிகையாகவே மதிக்கிறார்கள். நோயாளி மீது அதன் புகையை ஊதுகிறார்கள், சிலர் அதன் சாற்றைக் குடிக்கவும் கொடுக்கிறார்கள். மப்பாச்சோ எனப்படும் அந்தப் புகையிலை நம் வேதாரண்யம் புகையிலையின் இனம் அல்ல. நிக்கோட்டியானா ரஸ்டிகா என்ற வேறு இனம். வட இந்தியாவில் ஹூக்காவுக்குப் பயிரிடப்படுவதும் அதுவே. சாதாரணப் புகையிலையைவிட அதில் நிகோடின் அதிகம். 2015இல் பெரு நாட்டில் இத்தகைய முகாமுக்குச் சென்ற நியூசிலாந்து இளைஞர் ஒருவர், ‘உடலைச் சுத்தம் செய்ய’ என்று கொடுத்த புகையிலைக் கஷாயத்தைக் குடித்த பிறகு இறந்துபோனார். மாயக்காட்சி தரும் கஷாயம் வருவதற்கு முன்பே, எல்லோரும் சாதாரணமாக நினைக்கும் புகையிலையே உயிரைப் பறித்துவிட்டது.

இந்த நொதி விஷயம் சிகரெட் பிடிக்கும் எல்லோரையும் தொடுகிறது. அமெரிக்காவில் 1996இல் வெளியான மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், புகைப்பவர்களின் மூளையில் இந்த நொதியின் ‘பி’ வகை 40 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த நொதி குறைந்தால் இன்ப உணர்வு தரும் டோபமைன் மெதுவாக அழியும். சிகரெட்டின் பிடி இறுகுவதற்கு நிகோடின் மட்டும் காரணம் அல்ல என்று இதைக் கொண்டு விளக்குகிறார்கள்.

ஹார்மின், ஹார்மலின் நமக்கும் அந்நியமானவை அல்ல. ஈரான், ஆப்கானிஸ்தான், காஷ்மீர் முஸ்லிம்கள் கண்ணேறு கழிக்கத் தணலில் போடும் ஹர்மல் அல்லது இஸ்பந்து விதையில் அவை நிறைய உள்ளன. யுனானி மருந்துக் கடைகளிலும் அது கிடைக்கும். சில விதைகளைத் தணலில் போட்டு வீட்டில் புகை காட்டுவது வேறு; விதையை அரைத்து விழுங்குவது வேறு. விழுங்கினால் அந்த நொதி பலமாகத் தடைபடும். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் ஹர்மலை விழுங்கினால் காய்ச்சல், நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இணையத்தில் இதை ‘நம்ம ஊர் அயவாஸ்கா’ என்று பரிந்துரைக்கும் பேச்சைக் கேட்டு எவரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

காளானால் சிகரெட்டை விடலாமா?

கொடைக்கானல் காளானைப் பற்றிப் பேசும் இளைஞர்கள் ஒரு ஆய்வை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அப்படி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்டது. சிகரெட்டை விட முயன்று தோற்ற 15 பேருக்கு, காளானிலுள்ள சைலோசைபின் என்ற பொருளைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து 12 பேர் புகைக்காமல் இருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது விடுபட்டுப்போகும் செய்திகள் பல. கொடுத்தது காட்டில் பறித்த காளான் அல்ல. ஆய்வகத்தில் தயாரித்து அளந்த மருந்து. தீவிர மனநோய் உள்ளவர்களை முன்கூட்டியே விலக்கிவிட்டார்கள். வாரக்கணக்கில் ஆலோசனை சிகிச்சையும் உடன் நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் எந்த அளவு மருந்தின் பலன், எந்த அளவு ஆலோசனையின் பலன் என்று பிரிக்க முடியாது. ஆய்வாளர்களே இதைத் தொடக்க முயற்சி என்றுதான் சொன்னார்கள். நண்பனின் அறையில் யாரோ கொண்டுவந்த காளானைத் தின்பதற்கு இதில் ஆதாரம் ஏதும் இல்லை. நஞ்சுக் காளானையும் இதையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம்.

மாத்திரை சாப்பிடுவோர் கவனத்துக்கு

அந்த மனநல மருத்துவர் சிகரெட் எண்ணிக்கையைக் கேட்டதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

புகையிலை எரியும்போது உண்டாகும் தாரிலுள்ள சில பொருட்கள், ஈரலில் மருந்துகளைக் கரைக்கும் ஒரு நொதியை வேகப்படுத்துகின்றன. அதனால் க்ளோஸபின், ஓலான்ஸபின் போன்ற மனநோய் மருந்துகள் புகைப்பவர் உடலில் விரைவாகக் கழிந்துவிடுகின்றன. டெரிஃபிலின் மாத்திரையில் உள்ள தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்துக்கும் இதே கதிதான். கஞ்சாப் புகையும் அந்த நொதியை வேகப்படுத்தும். எனவே புகைக்கிறவருக்கு மருத்துவர் கூடுதல் அளவு எழுத வேண்டியிருக்கும்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. கூடுதல் அளவில் மருந்து எடுப்பவர் ஒருநாள் சிகரெட்டை நிறுத்தினால், சில நாளில் நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். மருந்து இரத்தத்தில் சேரத் தொடங்கும். மிகையான தூக்கம், தள்ளாட்டம், க்ளோஸபின் என்றால் வலிப்புகூட வரலாம். ரமளானில் மனம் மாறி சிகரெட்டை விட்ட பிள்ளை திடீரெனச் சுருண்டு கிடந்தால், நோன்பின் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்து எழுதித் தருவார்.

இந்த விளைவு புகையால் வருவது, நிகோடினால் அல்ல. ஆகவே ஹான்ஸ், கூல் லிப் போன்றவற்றை வாயில் அடக்குவதாலோ, மருத்துவர் தரும் நிகோடின் பட்டையாலோ நொதி வேகம் மாறாது. (வாயில் அடக்கும் புகையிலை புற்றுநோயைத் தரும் என்பது தனிச் செய்தி.)

மார்க்கத்தின் பார்வை

“குர்ஆனில் மதுவைத்தானே சொல்லியிருக்கிறது, செடியைச் சொல்லவில்லையே” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. அறிவை மறைப்பது எதுவோ அதுவே தடைக்குக் காரணம் என்ற அடிப்படையில் ஹிஜ்ரி ஏழாம், எட்டாம் நூற்றாண்டு அறிஞர்கள் கஞ்சாவைப் பற்றி விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ (இறப்பு 1392) கஞ்சா ஹராம் என்பதற்கென்றே தனி நூல் எழுதினார். மாலிகி அறிஞர் இமாம் கராஃபீ (இறப்பு 1285) மயக்கப் பொருட்களைப் போதை தருவன, உறங்கச் செய்வன, அறிவைக் கெடுப்பன என்று வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் சட்டம் பேசினார். ஊமத்தையும் கஞ்சாவும் காளானும் இந்த வகைகளுக்கு வெளியே தப்பிப் போகவில்லை.

புகையிலை முஸ்லிம் உலகுக்கு வந்தது 1600ஐ ஒட்டித்தான். ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்தார். உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடை செய்தார். ஆலிம்களிடையே ஆகும், மக்ரூஹ், ஹராம் என மூன்று கருத்தும் எழுந்தன. அதன் கேடு மருத்துவத்தில் உறுதியான பிறகு ஹராம் என்போரே பெருகினார்கள். இந்தக் கருத்து வேறுபாட்டைக் காட்டி, “மக்ரூஹ்தானே ஹஜ்ரத்” என்று சொல்பவருக்கு நம் பதில் இதுதான்: கஞ்சா கலந்த சிகரெட்டுக்குக் கஞ்சாவின் சட்டமே பொருந்தும், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. தனிச் சிகரெட்டும் அந்தப் பழக்கத்துக்கே திரும்ப இழுக்கும் என்றால், அழிவுக்குத் தம்மைத் தாமே கொண்டுபோகக் கூடாது என்ற பொதுக் கட்டளை (2:195) போதுமானது.

“சிகிச்சைக்கு என்றால் ஆகாதா?” என்பது அடுத்த கேள்வி. வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் உண்டு. ஆனால் சிகரெட்டை விட நிகோடின் சூயிங்கம், பட்டை, மாத்திரை, ஆலோசனை என்று ஆகுமான வழிகள் திறந்திருக்கும்போது காளானும் கஷாயமும் நிர்ப்பந்தம் ஆகாது. நோன்பு நேரத்தில் சூயிங்கம் நோன்பை முறிக்கும். தோலில் ஒட்டும் பட்டை முறிக்காது என்பது இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சைலோசைபினும் டிஎம்டியும் அச்சட்டத்தின் பட்டியலில் உள்ளன. ‘இயற்கைப் பொருள்’ என்று சொல்லித் தப்ப முடியாது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளாகி, தாமாக அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்கு முன்வந்து அதை முழுமையாக முடித்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பயந்து மறைக்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ளவருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. தெருமுனைக் கடைக்காரரிடம் ஜமாஅத் சார்பில் இதை எடுத்துச் சொல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• “கஞ்சா பிடிக்கிறாயா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எதோடு கலந்து?” “சிகரெட் எத்தனை?” என்றும், அடிக்காமல் கேளுங்கள்.

• உதிர்த்த சிகரெட் தூள், பஞ்சு நீக்கிய சிகரெட், மெல்லிய சுருட்டுக் காகிதம் ஆகியவை கலப்பதன் அடையாளங்கள்.

• இரண்டையும் சேர்த்து விடத் திட்டமிடுங்கள். ஒன்றை விட்டு ஒன்றை வைத்துக்கொள்வது கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது.

• மருத்துவரிடம் இலை, காளான், ஹர்மல், நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

• புகையிலையை விட இலவச உதவி எண் 1800-11-2356. போதைப் பழக்கத்துக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் செல்லலாம்.

• மஹல்லாவில் செய்தி பரவினால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைப்பதால் பிள்ளை இன்னும் ஆழத்துக்குப் போகிறான். ஜமாஅத் பொறுப்பாளர்களும் இத்தகைய குடும்பங்களின் இரகசியத்தை அமானிதமாகக் காக்க வேண்டும்.

அந்தத் தாய் இப்போதும் ஜும்ஆ நாட்களில் நம்மைப் பார்த்து ஸலாம் சொல்கிறார். பையன் சிகரெட்டையும் சேர்த்து விட்டு நான்கு மாதம் ஆகிறது. ஒருமுறை சறுக்கினான், அதை அவனே தாயிடம் வந்து சொன்னான். “பொய் சொல்லாம வந்து சொன்னானே ஹஜ்ரத், அதுவே எனக்குப் போதும்” என்றார். மருந்து தொடர்கிறது, அளவு குறைந்திருக்கிறது. நாம் அன்று சொன்ன தவறான வார்த்தைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இதைப் படிப்பவர்கள் அதே தவறான வார்த்தையைத் தம் வீட்டில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம்.

நம் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவனே நன்கறிந்தவன்.